“விஷவாயு தாக்கிப் பலி”

பாதாளச் சாக்கடையிலோ மலக்குழியிலோ இறங்கிய மனிதர் செத்துப்போனால், அதற்கென்று அச்சுக்கோத்துத் தயாராய் வைத்திருப்பதுபோல் நம் பத்திரிகைகளிடம் ஒரு வாக்கியம் உண்டு. அது “விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி” என்பதாகும். இந்த நாலு வார்த்தையைப் படிக்கிறவர் மனதில் என்ன படம் எழுகிறது? வாயு ஏதோ மிருகம்போல் குழிக்குள் பதுங்கியிருந்து பாய்ந்தது. ஒரு ஆள் விழுந்தார். அவ்வளவுதான். கூலி பேசி அவரை இறக்கிவிட்டவர், முகமூடியும் கயிறும் கொடுக்காதவர் ஒருவரும் அந்தப் படத்தில் இல்லை.

“பலி” என்கிற வார்த்தையையும் சற்றுக் கவனியுங்கள். கோவிலில் ஆடு வெட்டுவதற்கு உள்ள பெயர் அது. ஆட்டுக்காவது இன்ன சாமிக்கு இன்னார் கொடுத்தது என்று கணக்கு உண்டு. இதற்கு அதுவும் கிடையாது.

இது வெறும் வார்த்தைச் சண்டை அல்ல. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃபாஸி, போரோடிட்ஸ்கி என்ற இரு பெண்மணிகள் 2010-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹோட்டலில் மெழுகுவர்த்தி சாய்ந்து தீப்பிடித்த கதையைச் சிலரிடம் “அவள் சாய்த்தாள்” என்றும், வேறு சிலரிடம் “மெழுகுவர்த்தி சாய்ந்தது” என்றும் கொடுத்து, அந்தப் பெண் எவ்வளவு நஷ்டஈடு கட்ட வேண்டுமென்று கேட்டார்கள். “சாய்த்தாள்” என்று படித்தவர்கள் சராசரியாக ஏறக்குறைய 250 டாலர் அதிகம் விதித்தார்கள். நடந்த சங்கதி ஒன்றேதான்!

தமிழில் ‘சாய்ந்தது’க்கும் ‘சாய்த்தது’க்கும் ஒரு மெய்யெழுத்துத்தான் வித்தியாசம். தன்வினை, பிறவினை என்று பண்டிதர்கள் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தது இதைத்தான். ஆனால் அதற்கும் செத்தவர் மனைவிக்குக் கிடைக்கும் பணத்துக்கும் சம்பந்தம் உண்டென்று மாத்திரம் ஒருநாளும் சொன்னதில்லை.

‘தாழ்ந்த ஜாதி’ என்ற இடத்தில் ‘தாழ்த்தப்பட்டோர்’ என்று எழுத ஆரம்பித்ததும் இந்தக் காரணத்தால்தான். முன்னதில் அவர்களே கீழே கிடந்தார்கள், பின்னதில் “தாழ்த்தியது யார்?” என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

பாதுகாப்பில்லாமல் ஆளைச் சாக்கடையில் இறக்குவது 2013-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2023-ல் சொல்லிற்று. சட்டம் கேட்பது “இறக்கியவர் யார்?” என்பது, பத்திரிகை சொல்வதோ “இறங்கியவர் பலி” என்பது. வாயுவின்மேல் எந்தப் போலீஸ்காரரும் கேஸ் எழுத முடியாது.

ஆகவே பத்திரிகாசிரியர்களை நாம் கேட்டுக்கொள்வது: யார் இறக்கினார், என்ன கொடுக்கவில்லை என்று விசாரித்து, அதைத் தலைப்பிலேயே போடுங்கள். இடம் போதாவிட்டால் வாயுவை வெட்டிவிடுங்கள்.