கப்பல் தெரிகிறது, கொடி தெரிகிறதா?

முகத்துவாரக்குப்பத்துக் கரையில் நின்று பார்த்தால் கப்பல் தெரியும். ஒன்றல்ல, நாலைந்து, சில நாட்களில் அதற்கும் மேலே. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் அந்த இடத்திலே வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும் கைகளுக்குக் கப்பல் புதிதல்ல. குழந்தைகள் அவற்றை எண்ணி விளையாடுகிறார்கள். ஆனால், அந்தக் கப்பலின் பின்புறத்தில் பறக்கும் கொடி எந்த நாட்டுக் கொடி என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. பிள்ளைகளிடமிருந்து வராது, பெரியவர்களிடமிருந்தும் வராது. பெரியவர்கள் மட்டுமா? மேடையேறி முழங்குகிறோமே, நம்மிடமிருந்தும் வராது!

அண்மையில் அந்தக் குப்பத்துத் தேநீர்க் கடையிலே ஒரு பெரியவர் நம்மைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்கிறாள். நல்ல மதிப்பெண். நர்சுப் படிப்பு படிப்பாள் என்று வீடு நினைத்திருந்தது. அவளோ பல்கலைக் கழகம் போய், நாடுகளுக்கிடையே உள்ள உறவும் அயல்நாட்டு மொழியும் படிக்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். பெரியவருக்குக் கோபமில்லை, குழப்பம்.

"இன்னா தம்பி இது? உறவுன்னா எங்களுக்குத் தெரியாதா? பொண்ணு குடுக்கறோம், பொண்ணு எடுக்கறோம். அதுக்கு எதுக்கு காலேஜு?" என்றார்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் அந்தக் கேள்வியின் கனம் தெரிந்தது. டாக்டர் படிப்பு தம் வீட்டுக்கு வரலாம் என்று அவர் நம்புகிறார். இஞ்சினீயர் படிப்பு வரலாம் என்றும் நம்புகிறார். அந்த நம்பிக்கையை ஊட்ட ஒரு தலைமுறை பாடுபட்டது. ஆனால் இந்தப் படிப்பு மட்டும் வேறு யாருக்கோ உரியது, டெல்லிப் பட்டணத்துச் சீமான் வீட்டுப் பிள்ளைக்கு உரியது என்று எண்ணுகிறார். அப்படி எண்ணச் செய்தது யார்?

தோழர்களே, 2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பொழுது விடியுமுன், எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று டான் காஞ்சிபுரம். இந்தியக் கொடி கட்டிய கப்பல். மற்றொன்று பி.டபிள்யூ. மேப்பிள்; மான் தீவின் கொடி கட்டியது. மான் தீவு எங்கே இருக்கிறது? இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலே! அந்தத் தீவின் கொடி எண்ணூர்க் கடலில் பறந்தது. கொட்டிய எண்ணெய் யார் கரைக்கு வந்தது? மான் தீவின் கரைக்கா போயிற்று? எர்ணாவூர்க் கரைக்கு வந்தது. எண்ணூரிலிருந்து தெற்கே கடலோரக் குப்பங்கள்தோறும் வந்தது. வாளி வாளியாகக் கையால் அள்ளினார்களே, உலகமே அந்தப் படத்தைப் பார்த்ததே! மீன் வாங்க ஆளில்லை. வலை கறுத்தது, பானையும் காய்ந்தது.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்துக்குள் எண்ணெய் வந்தது. அது நம் மண்ணிலிருந்தே வந்த எண்ணெய். நம் ஊர்ச் சட்டம் பேசலாம். நம் அதிகாரியை மறிக்கலாம். ஆனால் அயல்நாட்டுக் கொடி கட்டிய கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டினால் அப்படியா? கப்பலின் உடைமையாளன் ஒரு நாட்டானாக இருக்கலாம். கொடி இன்னொரு நாட்டுடையதாக இருக்கலாம். மாலுமிகள் மூன்றாவது நாட்டாராக, சரக்கு நாலாவது நாட்டுக்கு உரியதாக இருக்கலாம். நாசமான வலை மட்டும் நம்முடையது! இப்படிப்பட்ட வழக்கை யாரிடம் கேட்பது? எந்தச் சட்டத்தில் கேட்பது?

சட்டம் இருக்கிறது. கப்பல் தன் எஞ்சினுக்காக வைத்திருக்கும் எண்ணெய் கடலில் கொட்டினால் உடைமையாளன் நட்டஈடு தர வேண்டும், அதற்குக் காப்பீடும் வைத்திருக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு லண்டனில் ஓர் உலக உடன்படிக்கை எழுதப்பட்டது. 2008இல் நடைமுறைக்கு வந்தது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரையில் நாட்டின் எல்லைக் கடல், 200 கடல் மைல் வரையில் மீனும் வளமும் அந்த நாட்டுக்கே உரியவை என்று 1982ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கை சொல்கிறது. முகத்துவாரக்குப்பத்து மீனவனின் சோற்றுத் தட்டு எவ்வளவு நிறையும் என்பதை இந்தக் காகிதங்களும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்ல அந்தக் குப்பத்திலே ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆளாகத்தான் அந்தப் பேத்தி வரப்போகிறேன் என்கிறாள்!

படிப்பு என்ன படிப்பு? மூன்று இழை கொண்ட கயிறு அது. ஓர் அரசு இன்னோர் அரசோடு ஏன் சண்டையிடுகிறது, ஏன் சமாதானம் பேசுகிறது, உடன்படிக்கையை எப்படி எழுதுகிறது, எப்படி மீறுகிறது என்று கற்பது முதல் இழை. அந்த நாட்டான் தன் வீட்டில் பேசும் மொழியைக் கற்பது இரண்டாவது. அவன் எதை மானம் என்கிறான், எதை அவமானம் என்கிறான், எதைக் கண்டு சிரிக்கிறான் என்று அறிவது மூன்றாவது. ஓரிழை அறுந்தாலும் கயிறு தாங்காது. மொழி தெரியாதவன் மொழிபெயர்ப்பாளனை நம்பிக் கிடப்பான். பண்பாடு தெரியாதவன் மொழி தெரிந்தும் வம்பை விலைக்கு வாங்குவான்.

மொழியின் அருமை என்னவென்று காசிமேட்டைக் கேளுங்கள். 2020 ஜூலையில் அங்கிருந்து கடலுக்குப் போன ஒரு விசைப்படகு, எஞ்சின் பழுதாகி, காற்றும் நீரோட்டமும் இழுத்த இழுப்பில் வங்கக் கடலைக் கடந்தது. ஐம்பது நாளுக்கு மேல் தத்தளித்தவர்களைச் செப்டம்பரில் மியான்மர் கடற்படை மீட்டது. நம்மவன் தமிழன், மீட்டவன் பர்மியன். நான் யார், எந்த ஊர், எத்தனை நாளாய்ப் பட்டினி என்று எந்த மொழியில் சொல்வது?

வேடிக்கையைக் கேளுங்கள். அந்த மொழி தெரிந்தவர்கள் நம் பக்கத்திலேயே வாழ்ந்தார்கள்! 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடை கண்ணிகளெல்லாம் நாட்டுடைமையாயின. உடுத்த துணியோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள் நம் மக்கள். எண்ணூரிலே பர்மா நகர் என்ற பெயர் ஏன் வந்தது? கடற்கரை நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் ஏன் வந்தது? அந்தப் பக்கத்துத் தெருக்களில் அத்தோ ஏன் விற்கிறது? அந்தத் தாய்மார்கள் பர்மிய மொழியை அடுப்படியிலே பேசி அடுப்படியிலேயே விட்டுவிட்டார்கள். அதைப் பொருளென்று மதித்து, "அம்மா, எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்க ஒருவரும் போகவில்லை. அத்தோவை வாங்கித் தின்றோம். மொழியை வாங்கத் தவறினோம்.

நம்மை ஆள வந்தவன் தவறினானா? 1812ஆம் ஆண்டு சென்னையிலே செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கினான் வெள்ளைக்காரன். எதற்கு? அதிகாரியாய் வரும் இங்கிலீஷ்காரப் பிள்ளைக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிப்பதற்கு! தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்பதை அந்தக் கல்லூரியை உருவாக்கிய எல்லிஸ் 1816இல் எடுத்துக்காட்டினார். அதனால் நமக்கு நன்மை விளைந்தது, மறுக்கவில்லை. ஆனால் கல்லூரி வைத்த நோக்கம் வேறு. வரி வாங்க வேண்டுமானால் வரி கொடுப்பவனின் மொழி தெரிய வேண்டும்! ஆள நினைப்பவன் அடுத்தவன் மொழியைப் படிக்கிறான். ஆளப்படுகிறவன், அது நமக்கெதற்கு என்கிறான். இந்த வித்தியாசத்தின் மேலேதான் சாம்ராஜ்யங்கள் கட்டப்பட்டன.

சுதந்திரம் வந்தது. 1955இல் பன்னாட்டு ஆய்வுக்கென்று டெல்லியிலே ஒரு பள்ளி திறந்தார்கள். 1970இல் அது ஜவகர்லால் நேரு பல்கலைக் கழகத்தோடு இணைந்தது. சீனம், ஜப்பானியம், ருசியம், அரபு என்று அடியிலிருந்து கற்பிக்கும் பட்டப்படிப்பும் அங்கே வந்தது. வரவேற்கிறோம். ஆனால் எண்ணூரிலிருந்து அந்த வாசலுக்கு எத்தனை காதம்! போதாக்குறைக்கு 2022இலிருந்து மத்தியப் பல்கலைக் கழகங்களின் இளங்கலைச் சேர்க்கைக்குப் பொது நுழைவுத் தேர்வு வேறு. பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவன் பாதி வாசலைத் தாண்டிவிடுகிறான். முடியாதவன் வாசற்படியிலே நிற்கிறான்.

"இதெல்லாம் நமக்குப் பழக்கமில்லாத துறை அண்ணே" என்பார்கள் சிலர். பழக்கமில்லையா? சிங்காரவேலரை மறந்தீர்களா? 1860இல் சென்னை அயோத்தியா குப்பத்தில், மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வழக்கறிஞரானார், வீடு நிறையப் புத்தகம் சேர்த்தார், உலகத் தொழிலாளர் இயக்கத்தைப் படித்தறிந்து 1923இல் இந்தச் சென்னைக் கடற்கரையிலே மே நாள் கொண்டாடினார். பெரியார் 1931ஆம் ஆண்டு இறுதியில் கப்பலேறி, ஐரோப்பாவும் சோவியத்தும் சுற்றி, 1932இல் திரும்பினார். காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவை, 1968இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகம் சிறப்பு விருந்தினராய் அழைத்து மாணவரோடு உரையாட வைத்தது. ஈழத்துத் தனிநாயக அடிகளோ, போர்த்துகீசு மொழி அறிந்ததால், 1679இல் அச்சான தமிழ்-போர்த்துகீசு அகராதியை 1966இல் மறுபதிப்பாய்த் தமிழனின் கையில் தந்தார். அயல்மொழி கற்றவன் தன் மொழியை இழக்கவில்லை, இழந்திருந்ததை மீட்டான்!

இன்னொரு குரலும் எழும். "மொழியை எதிர்த்துச் சிறை சென்றவர்கள், இன்று பல மொழி படி என்கிறார்களே, முரணல்லவா?" என்று கேட்பார்கள். முரணல்ல ஐயா. பசித்தவன் விரும்பி உண்பது விருந்து. வாயைப் பிளந்து திணிப்பது தண்டனை. திணிப்பை எதிர்த்தோம், படிப்பை எதிர்த்தோமில்லை. எந்த மொழி வேண்டும் என்று அந்தப் பேத்தி தேர்ந்தெடுக்கட்டும். அவள் அரபு படித்தால் வளைகுடாவிலே கூலி கிடைக்காமல் தவிக்கும் தொழிலாளியின் மனுவை எழுதித் தருவாள். சிங்களம் படித்தால் இலங்கை நீதிமன்றத்தில் நிற்கும் மீனவனுக்கு வாயாவாள். கொரிய மொழி படித்தால் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் மேலதிகாரி சொல்வது என்ன, சொல்லாமல் விட்டது என்ன என்று தொழிலாளிக்குச் சொல்வாள்.

வேலை கிடைக்குமா? பட்டம் வாங்கிய மறுநாள் உத்தரவு வீட்டுக் கதவைத் தட்டும் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். எந்தப் படிப்புக்கும் இன்று அந்த உறுதியில்லை. துறைமுக வாசலில் ஒப்பந்தக் கூலியாய் நிற்கும் இஞ்சினீயர்களைக் கேளுங்கள். ஆனால் கப்பல் முகவர் அலுவலகம் இருக்கிறது. ஏற்றுமதி நிறுவனம் இருக்கிறது. மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பணி, செய்தித்தாள் இருக்கின்றன. அயலுறவுப் பணிக்குச் செல்லும் குடிமைப் பணித் தேர்வு இருக்கிறது. எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2022இல் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. 2024இல் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. மருத்துவருக்கும் பொறியாளருக்கும் மட்டுமா அந்த ஆயிரம்? நாளைய தூதருக்கும் அதுவே பேருந்துக் கட்டணம்!

குறை சர்க்காரிடம் மட்டுமா? நம்மிடமும் இருக்கிறது, ஒப்புக்கொள்வோம். ஒரு காலத்தில் முடிதிருத்தகத்திலும் படிப்பகத்திலும் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். எழுத்தறியாத தொழிலாளி கமால் பாட்சாவைப் பற்றி வாதிட்டான்; ருசியாவைப் பற்றி வாதிட்டான். இன்று சுவரொட்டிக்குச் செலவழிக்கிறோம். படிப்பகத்துக்குப் பூட்டு வாங்கியிருக்கிறோம்!

ஆகவே கிளைதோறும் மூன்று காரியம் செய்வோம். முதலாவது, பூட்டைத் திறந்து படிப்பகச் சுவரிலே உலகப் படம் ஒன்றை மாட்டுவோம். இரண்டாவது, எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் அயல்மொழி படிக்க விரும்பும் பிள்ளைக்கு நுழைவுத் தேர்வுக் கட்டணமும் புத்தகமும் வாங்கித் தருவோம். ஒரு பொதுக்கூட்டத்துக்குக் கட்டும் கொடித் துணியின் செலவு போதும். மூன்றாவது, நம் பல்கலைக் கழகங்களைக் கேட்போம்: பிரெஞ்சு கற்பிக்கிறீர்கள், மகிழ்ச்சி. நம் கடலின் மறுகரையில் பேசும் பர்மியமும் சிங்களமும் மலாயும் எங்கள் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் எப்போது?

பெரியவருக்குச் சொன்ன பதிலோடு முடிக்கிறோம்.

"ஐயா, பெண் கொடுக்கவும் எடுக்கவும் சம்பந்தம் பேசுகிறீர்களே, பாயிலே நம் வீட்டு ஆள் ஒருவர்கூட உட்காராமல் பேசி முடிப்பீர்களா?"

"அதெப்படி முடியும்? அவங்க சொல்றதுதான சீராயிடும்!" என்றார்.

"1974இலும் 1976இலும் டெல்லியும் கொழும்பும் கச்சத்தீவையும் கடலையும் பேசி முடித்தனவே, அந்தப் பாயிலே எந்த மீனவர் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருந்தது?"

பெரியவர் பேசவில்லை. வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். கடலைப் பார்த்தார். தூரத்திலே ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்தது.

"அது எந்த ஊர்க் கொடி தம்பி?" என்றார்.

நமக்குத் தெரியவில்லை. "உங்கள் பேத்தி வந்து சொல்வாள்" என்றோம்.

சொல்வாள், தோழர்களே! அவளை அனுப்பி வைப்பது நம் கடமை.