100க்கு 92 மார்க் வாங்குற சுருட்டும், மார்க் போடாத வாயும்

1/ கொஞ்ச நாளா தமிழ்லயும் சுருட்டு ரிவ்யூ வர ஆரம்பிச்சிருக்கு. எண்ணெய் பூசின மாதிரி மின்னுற கறுப்புச் சுருட்டு ஒண்ணு. "ஆரம்பத்துல டார்க் சாக்லேட், நடுவுல மிளகு, முடிவுல தோல் வாசம். ஃபுல் பாடி. 100க்கு 92." கீழ கமெண்ட்ல பசங்க, "எங்க கிடைக்கும் ப்ரோ?" இந்த இழை அதுக்கான பதில். நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

2/ "ஃபுல் பாடி"ன்னா என்ன? புகை கனமா, அழுத்தமா இருக்காம். நாங்க ஆஸ்பத்திரியில "பாடி"ன்னு சொல்றது வேற அர்த்தத்துல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம் நீங்க நினைக்கிறதை விடக் குறைவு.

3/ மேல சுத்துற கறுப்பு இலைக்கு "மதுரோ"ன்னு பேரு. ஸ்பானிஷ்ல "பழுத்தது"ன்னு அர்த்தம். இலையைக் குவியலாப் போட்டு, சூடேத்தி, மாசக்கணக்குல புளிக்க வைக்கிறாங்க. அதுல அம்மோனியா வெளியேறும், நிறம் கறுக்கும், லேசா இனிப்பு தட்டும். இதுவரைக்கும் ரிவ்யூகாரர் சொல்றது சரி.

4/ அவர் சொல்லாதது: புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன் என்ற புற்றுநோய்க் காரணிகள் உருவாகுறதும் இலையை உலர்த்தி, புளிக்க வைக்கிற இதே கட்டத்துலதான். சாக்லேட் வாசம் வர்ற அதே குவியல்ல இதுவும் சேர்ந்தே வளருது. இதை எந்த மார்க் ஷீட்லயும் பாக்க முடியாது.

5/ இன்னொண்ணு. "கறுப்பா இருந்தா ஸ்ட்ராங்"ன்னு சொல்றதே தப்பு. வீரியம் பெரும்பாலும் உள்ள திணிக்கிற இலையில இருக்கு. செடியோட உச்சியில, அதிக வெயில் வாங்கின இலையில நிக்கோட்டின் அதிகம். மேல் இலையோட நிறத்தைப் பாத்து "ஸ்ட்ராங்"னு மார்க் போடுறது, சட்டைக் கலரைப் பாத்து பிபி சொல்ற மாதிரி.

6/ அப்போ அந்த "மிளகு"? மிளகு காரம் ஒரு ருசியே இல்ல. எரிச்சலை உணர்ற நரம்பு மூளைக்கு அனுப்புற புகார் அது. புகையை மூக்கு வழியா விட்டா காரம் நல்லா தெரியும்னு சொல்லித் தர்றாங்க. தெரியத்தான் செய்யும். சளிச்சவ்வு "எரியுது"ன்னு கத்துது, நீங்க அதுக்கு ஸ்டார் ரேட்டிங் குடுக்கறீங்க.

7/ "பாதியில தலை சுத்தும், வியர்க்கும், குமட்டும். சர்க்கரை வாயில போட்டுக்கோங்க"ன்னு ஒரு டிப்ஸும் உண்டு. அதுக்கு மருத்துவத்துல பேரு நிக்கோட்டின் நச்சு. லேசானதுதான், ஆனா நச்சு. ஒரு பெரிய சுருட்டுல ஒரு பாக்கெட் சிகரெட்டு அளவுக்குப் புகையிலை இருக்கலாம்.

8/ இப்போ முக்கியமான வாதத்துக்கு வருவோம். "டாக்டர், சுருட்டை உள்ள இழுக்கறதில்ல. வாயில வச்சு விட்டுடறோம். சிகரெட் மாதிரி ஆபத்து இல்ல."

9/ கும்மோணத்துக்காரங்களுக்கு இதை ஈஸியா புரிய வைக்கலாம். நம்ம ஊர் வெத்தலைக்கு 2025-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அந்த வெத்தலையில ஏன் சுண்ணாம்பு தடவுறோம்? போயிலை போடறவங்களைக் கேளுங்க, "சுண்ணாம்பு இருந்தாதான் ஏறும்"பாங்க. அனுபவத்துல சொன்னாலும் அது சரியான வேதியியல். சுண்ணாம்பு வாயைக் காரத்தன்மைக்கு (அமிலத்துக்கு எதிர்) மாத்துது. அப்போ நிக்கோட்டின் கன்னத்துச் சதை வழியாவே ரத்தத்துக்குப் போயிடும்.

10/ சிகரெட் புகை பொதுவா லேசான அமிலம். அதனால நுரையீரல் வரைக்கும் இழுத்தாதான் போதை. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. இழுக்கவே வேண்டாம், வாயிலயே ஏறிடும். அதாவது சுருட்டு, சுண்ணாம்பு தனக்குள்ளயே வச்சிருக்கிற போயிலை. "உள்ள இழுக்கல"ங்கறது பாதுகாப்பு இல்ல. சேதாரத்தோட முகவரி மாறுது, அவ்வளவுதான்.

11/ முகவரி எதுன்னு அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-லயே சுருட்டுக்குன்னு தனி அறிக்கை போட்டுச் சொல்லிடுச்சு: உதடு, நாக்கு, வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய். நுரையீரலும் பட்டியல்ல உண்டு. இதோட "விஸ்கி ஜோடி"ன்னு சேர்க்கறாங்களே, மதுவும் புகையிலையும் சேர்ந்தா ஆபத்து கூடறதில்ல, பெருகுது.

12/ "சர்ச்சில் சுருட்டு குடிச்சு 90 வயசு இருந்தாரே! அதுவும் நம்ம திருச்சி சுருட்டு!" சரி. யுலிசஸ் கிராண்ட், அமெரிக்க ஜனாதிபதி, சுருட்டுப் பிரியர். 1885-ல தொண்டைப் புற்றுநோய்ல போனார். சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு 1923-ல வாயில புற்றுநோய். 30க்கு மேல ஆபரேஷன், மேல்தாடையை வெட்டி செயற்கை அடைப்பு வச்சு, 16 வருஷம் வேதனை. 1939-ல இறந்தார். தப்பிச்சவரோட படம் சுருட்டுப் பெட்டியில வருது. தப்பிக்காதவர் படம் வர்றதில்ல.

13/ "இது நம்ம பாரம்பரியம்." ஆமா. இங்கிலீஷ்காரன் சொல்ற "செரூட்" நம்ம "சுருட்டு"தான். உறையூர்ல சுத்தினாங்க, திண்டுக்கல் புகையிலை கப்பல் ஏறிச்சு. வரலாறா இதைப் பேசுங்க, நானும் கேக்கறேன். கைவேலை செஞ்ச தொழிலாளிகள்மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. ஆனா பாரம்பரியம்ங்கற வார்த்தை செல்லுக்குப் புரியாது.

14/ "கருப்பசாமிக்கே படைக்கிறோமே?" படைங்க. அது வழிபாடு, அதுல எனக்குச் சண்டை இல்ல. சாமிக்கு நாக்குல புண் வராது. நமக்கு வரும்.

15/ "என் காசு, என் வாய்." ஒத்துக்கறேன். 50 வயசுல தெரிஞ்சே குடிக்கிறவர்கிட்ட நான் கெஞ்சலாம், கட்டளை போட முடியாது. என் சண்டை விளம்பரத்தோட. 2003 புகையிலைச் சட்டத்தோட 5-வது பிரிவு நேரடியாவும் மறைமுகமாவும் விளம்பரத்தைத் தடை பண்ணுது. பாக்கெட்டுல 85% இடம் எச்சரிக்கைப் படத்துக்கு. பிராண்ட் பேரு, வாங்குற லிங்க், மார்க், பின்னாடி ஜாஸ். இது ரிவ்யூவா, விளம்பரமா? நீங்களே சொல்லுங்க.

16/ ருசி எழுத ஆசையா? டிகிரி காபி இருக்கு. டிகாக்ஷன் எத்தனையாவது, பால்ல தண்ணி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு, டபராவுல எத்தனை ஆத்து... இதுக்கு ஆயிரம் வரி எழுதுங்க, நானே ஷேர் பண்றேன்.

17/ வாய்ப் புற்றுநோய் நோயாளி முதல்ல இழக்கறது எதை தெரியுமா? ருசியை. கதிர்வீச்சுல உமிழ்நீர்ச் சுரப்பி காஞ்சு போகும். ரசம் சாதத்தையே மண்ணு மாதிரி விழுங்கறவங்களைப் பாத்திருக்கேன். "நாக்கைப் பழக்குங்க"ன்னு சொல்ற ரிவ்யூகாரர் இதை ஒரு தடவை யோசிக்கணும்.

18/ சுருட்டு, பீடி, போயிலை, சீவல் எது போடறவரா இருந்தாலும் (போயிலை இல்லாத பாக்கும் புற்றுநோய்க் காரணிதான்) இன்னைக்கே கண்ணாடி முன்னாடி நில்லுங்க. நாக்கைத் தூக்கி அடியில பாருங்க, கன்னத்தை இழுத்துப் பாருங்க. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, 2 வாரமா ஆறாத புண், கழுத்துல கட்டி, மூணு விரல் நுழையாத அளவுக்கு வாய் திறக்க முடியாமை... இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டரைப் பாருங்க. ஆரம்பத்துல பிடிச்சா பெரும்பாலும் குணமாக்கிடலாம்.

19/ விடணும்னு நினைக்கிறவங்களுக்கு இலவச உதவி எண்: 1800-112-356. வெக்கப்படாதீங்க. "எங்க கிடைக்கும் ப்ரோ"ன்னு கேட்ட பையன் உங்க வீட்டுல இருந்தா, இந்த இழையை அவனுக்கு அனுப்புங்க. திட்டாம அனுப்புங்க.