பழைய பேரி மரங்களைக் காக்கும் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பேரி வளர்ப்பவர்களும், அந்தப் பழம் தின்று வளர்ந்தவர்களும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். வயதான பேரி மரம் எதுவும் வாரிசு இல்லாமல் வெட்டப்படக் கூடாது. எங்கள் முதல் கொள்கை இதுவே.

பேரி இந்த மலைகளில் தானாக முளைத்த மரம் அன்று; குளிர் தேடி மேலேறி வந்த வெள்ளைக்காரர்களின் தோட்டங்களோடு வந்தது. இங்கே வளர்க்கப்படும் வகைகளில் ஒன்றான கீஃபரின் பிறப்பு எல்லோருக்கும் தெரிய வேண்டும். அமெரிக்காவில் பிலடெல்பியாவை ஒட்டிய ராக்ஸ்பரோவில் நாற்றுப்பண்ணை வைத்திருந்தவர் பீட்டர் கீஃபர். அவர் வளர்த்த சீனத்து மணற்பேரியில் ஐரோப்பியப் பேரியின் மகரந்தம் விழுந்தது. யாரும் திட்டமிடாத சேர்க்கை அது. அந்த விதையில் வந்த கன்று 1863இல் முதன்முதலாகக் காய்த்தது. அதிகக் குளிர் கேட்காத வகை என்பதால் தென்னாட்டு மலைக்கும் பொருந்திப்போனது.

கீஃபரின் விதையை ஊன்றினால் கீஃபர் வராது. உலகில் எங்கே கீஃபர் நின்றாலும், அது ராக்ஸ்பரோவில் நின்ற அந்த ஒரே மரத்தின் குச்சி, கைமாறிக் கைமாறி ஒட்டப்பட்டு வந்தது. நம் ஊர் வால்பேரிக்கும் முட்டைப்பேரிக்கும் இதே விதிதான். கடைசி மரம் சாய்ந்தால் அந்த வகையும் முடிந்தது. விதையைச் சேமித்து அதை மீட்க முடியாது.

விடுதி கட்டவோ வேறு பயிர் வைக்கவோ மரத்தை எடுப்பவரோடு நாங்கள் சண்டைக்கு நிற்க மாட்டோம். நிலம் அவருடையது, கடனும் அவருடையது. கோடரி விழும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மட்டும் கேட்போம். இலை உதிர்ந்து மரம் உறங்கும் மார்கழி, தையில் குச்சி எடுத்து நாட்டுப்பேரி வேர்ச்செடியில் ஒட்டுவோம். ஊரின் பெயரையும் விவசாயி வழங்கும் பெயரையும் எழுதிக் கட்டுவோம். குச்சி தந்தவருக்கு முதல் கன்று இலவசம். எந்த வகைக்கும் எவரும் தனியுரிமை கொண்டாட இடம் தர மாட்டோம்.

மலைப்பேரி கரகரப்பானது, மட்டமானது என்ற பேச்சை மறுக்கிறோம். பறித்த கையோடு கல்போல விற்றால் எந்தப் பேரிக்கும் கெட்ட பெயர்தான். காயைப் பறித்துச் சில நாள் வீட்டில் வைத்தால்தான் மணமும் சாறும் ஏறும். வேகவைக்கவும் ஜாமுக்கும் கீஃபர் அருமையானது. இனி வகையின் பெயர் சொல்லி, கனிய வைத்தே விற்போம்.

வரும் மார்கழிக்குள் ஊர் ஊராகப் பழைய மரங்களைக் கணக்கெடுப்போம். தோட்டத்தில் பேரி மரம் உள்ள எவரும் இன்றே உறுப்பினர் ஆகலாம், சந்தா கிடையாது.