அரிவாள் பிடியும் வைத்தியக் கருவிதான்!

தஞ்சை வயலில் கதிர் அறுக்க, விரல் மடங்கினால் போதாது, நிமிரவும் வேண்டும். தொழுநோயால் நரம்பு கெட்டவருக்கு விரல் மடங்கியே நின்றுவிடும்.

1940-களின் கடைசியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், ஆபரேஷன் செய்து தசைநாணை மாற்றிப் பொருத்தினார். விரல்கள் நிமிர்ந்தன! பிறகு பயிற்சி. நெடுக்காகப் பிளந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டு விரலை நீட்டி வைக்கும். ரப்பர் வளையம் இழுத்துப் பழக்கும். செலவு சொற்பம்.

ஆனால் உணர்ச்சியற்ற விரலைக் கருவி அழுத்தினால் வலிக்காது. புண்ணான பிறகே தெரியும். விரல் தானாக அழுகி விழுவதில்லை, சூடும் அழுத்தமும் காயமும்தான் அதைத் தின்கின்றன என்று விளக்கியவரும் பிராண்டே. ஆகவே கருவிக்குள் பஞ்சு வேண்டும். அரிவாள் பிடிக்குத் துணி சுற்றித் தடிப்பாக்க வேண்டும்.

2005-ன் முடிவில் தொழுநோய் பெரிய பிரச்சினையல்ல என்று அரசு கணக்குக் காட்டியது. அதன் பின்னும் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடித்து வந்திருக்கிறார்கள். மாத்திரை இலவசம். குழாயை அளவாக அறுத்துக் கொடுக்க ஆள் வேண்டாமா?