சீனி இல்லையென்றால் போதுமா?

"எனக்கு இனிப்பு நீர் கிடையாதுங்க, ரத்தம் பார்த்தாச்சு" என்று தெம்பாகச் சொல்பவர்கள் நம் தோட்டங்களில் பலர். நல்ல செய்திதான். ஆனால் அதோடு கவலை தீர்ந்ததா?

2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், இரத்தத்தில் சீனி கூடிய பெரியவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 18.3 பேர். இந்தியர்களில் 31.4 பேர். மாநிலங்களில் முதலிடம் நமது நெகிரி செம்பிலானுக்கு: 33.2 பேர்! 2023 ஆய்வில் நாட்டின் கணக்கு 15.6-க்கு இறங்கியது. அதற்காகப் பகாவிலும் ரந்தாவிலும் லாபுவிலும் உள்ள நாம் அசந்திருக்கலாகாது.

இனிப்பு நீர் ஒரே நாளில் வருவதல்ல. வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்பு சேரச் சேர, சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினுக்கு உடம்பு மசியாமல் போகிறது. கணையம் இரட்டிப்பாகப் பாடுபட்டு இன்சுலினைச் சுரக்கிறது. அதனால் சீனிக் கணக்கு பல ஆண்டுகள் சரியாகவே தெரியும். உள்ளுக்குள் இரத்தக் குழாய்கள் கெட்டுக்கொண்டிருக்கும். சீனி நோய் இல்லாதவரையும் மாரடைப்பு சாய்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே ஐந்து கணக்குகளைப் பார்க்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டதா? இரத்த அழுத்தம் 130/85-ஐ எட்டியதா? வெறும் வயிற்றுச் சீனி 5.6-க்கு வந்துவிட்டதா? டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 1.7-க்கு ஏறியதா? நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆணுக்கு 1.0, பெண்ணுக்கு 1.3-க்குக் கீழே இறங்கியதா? ஐந்தில் மூன்று இருந்தாலே ஆபத்து வாசலில் நிற்கிறது என்று பொருள். இடுப்பை அளக்கத் தையல்காரர் நாடா போதும், காசு செலவில்லை.

அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளிதான். 40 வயதைத் தாண்டிய குறைந்த வருமானக்காரர்களுக்கு, 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் பரிசோதனை இலவசம். பின் ஏன் நம்மவர்கள் போவதில்லை? வெறும் வயிற்று இரத்தத்தைக் காலையில்தான் கொடுக்க வேண்டும். காலை என்பதோ பெரட்டு நேரம், வேலை நேரம். போனால் அன்றைய சம்பளம் போச்சு! நோய் வந்தால் எம்.சி. உண்டு, நோய் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு காலைப்பொழுது கிடையாது. இது என்ன நியாயம்?

ஆண்டுக்கு ஒரு காலை, சம்பளம் பிடிக்காமல், ஒவ்வொரு தொழிலாளிக்கும் பரிசோதனைக்காகத் தோட்ட நிர்வாகங்கள் ஒதுக்க வேண்டும். தொழிற்சங்கம் இதைப் பேச்சுவார்த்தையில் வைக்க வேண்டும். கோயில் கமிட்டிகள் கிளினிக் அதிகாரிகளை அழைத்துத் தோட்டத்திலேயே இரத்தம் எடுக்க ஏற்பாடு செய்யலாம்.

நம் பங்கும் உண்டு. தேத்தண்ணியில் கெட்டிப்பாலைக் குறைப்போம். தட்டில் சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டுவோம். வேலை முடிந்தும் கொஞ்சம் நடப்போம். இடுப்புச் சதை இறங்கினால் மற்ற கணக்குகளும் பெரும்பாலும் இறங்கும். குடும்பத் தலைவிகளே, வீட்டுக்காரரை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் ஒதுங்கிவிடாதீர்கள். உங்கள் இரத்தத்துக்கும் கணக்கு உண்டு.