2ஜி நின்றால் மொபைல் ஸ்டார்ட்டர் என்ன ஆகும்?

கிணற்றடிக்குப் போகாமலே மோட்டார் போட உதவும் மொபைல் ஸ்டார்ட்டர்களில் பல, 2ஜி சிம்மில் அழைப்பு அல்லது குறுஞ்செய்தி மூலம் இயங்குபவை. அந்த 2ஜி எத்தனை காலம் இருக்கும் என்பதுதான் இப்போதைய கேள்வி. 2016-ல் வந்த ஜியோவில் 2ஜி கிடையாது. நாட்டில் 2ஜி சேவையையே மூட வேண்டும் என்றும் அந்நிறுவனம் வலியுறுத்தி வருகிறது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜி மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த பண்ணைக் கருவிகளையும் மாற்ற வேண்டியதாயிற்று.

புதிய ஸ்டார்ட்டர்கள் 4ஜி இணையம் வழியே பேசுகின்றன. இவை போன்ற சிறு கருவிகள் பரவலாகப் பயன்படுத்தும் தகவல் முறைக்கு எம்கியூடிடி என்று பெயர். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999-ல் உருவாக்கப்பட்டது. அன்று செயற்கைக்கோள் இணைப்புக்குச் செலவு அதிகம் என்பதால், செய்தியைச் சுருக்குவதே நோக்கம். செய்தியின் தலைப்புப் பகுதிக்கு 2 பைட்டே போதும். சிக்னல் குறைந்த தோட்டங்களுக்கு இது பொருத்தம்தான்.

இதில் ஸ்டார்ட்டரும் கைபேசியும் நேரடியாகப் பேசுவதில்லை. இரண்டும் நடுவிலுள்ள சர்வரிடம் பேசுகின்றன. ‘நான் திடீரென்று காணாமல் போனால் இதைச் சொல்லிவிடு’ என்று கருவி முன்கூட்டியே உயில் போல எழுதிவைக்கலாம். 60 நொடிக்கு ஒருமுறை தொடர்பு கொள்ளும்படி அமைத்திருந்தால், 90 நொடி சத்தமில்லாதபோது சர்வர் அந்த உயிலைக் கைபேசிக்கு அனுப்பிவிடும். இந்த வசதியை விற்பவர் அமைக்காவிட்டால், சிக்னல் அறுந்த பிறகும் திரையில் ‘மோட்டார் ஓடுகிறது’ என்றே இருக்கும். தண்ணீர் வற்றினால் நிறுத்தும் பாதுகாப்பு எப்படியும் ஸ்டார்ட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். அதைச் சர்வரை நம்பி விடக் கூடாது.

விலையைவிடப் பெரிய சிக்கல், அந்தச் சர்வர் யாருடையது என்பது. நிறுவனம் கடையை மூடினால் உங்கள் கருவி வெறும் பெட்டிதான். எம்கியூடிடி எல்லோருக்கும் பொதுவான முறை என்பதால், சர்வர் முகவரியை மாற்ற வழி வைத்திருந்தால் வேறொரு சர்வருக்கு மாறிக்கொள்ளலாம். பல விற்பனையாளர்கள் அந்த வழியைப் பூட்டிவிடுகிறார்கள். வாங்கும்போதே கேளுங்கள். கடவுச்சொல்லும் மறையாக்கமும் உண்டா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் வேறு யாரோ உங்கள் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம்.

இப்போதுள்ள 2ஜி ஸ்டார்ட்டரைத் தூக்கிப்போட அவசரமில்லை. சிம் பொருத்திய பலகையை மட்டும் 4ஜி-க்கு மாற்றித் தருவார்களா என்று விற்றவரிடம் விசாரித்து வையுங்கள்.