இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமா?

"பையா, தோடா ஔர் ஆகே!"

ஜெய்சல்மேர் பக்கம் ஜீப்பில் ஏறும் நம்ம ஊர்க்காரர்கள் முதல் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும் இந்தி இதுதான். 'அண்ணே, இன்னும் கொஞ்சம் முன்னாடி போங்க' என்று அர்த்தம். தூரத்தில் ஒரு மான் தெரிந்தால் போதும், ஆளுக்கொரு செல்போனை நீட்டிக்கொண்டு டிரைவரின் தோளைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். டிப்ஸ் போய்விடுமே என்று அவரும் வண்டியைத் திருப்புவார். மான் ஓடும். போனில் மிஞ்சுவது மானின் பின்பக்கமும் கொஞ்சம் புழுதியும்.

அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து பிப்ரவரி வரை தார் பாலைவனத்துக்கு சீசன். அரையாண்டு லீவுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, 'போனில் நல்ல படம் எடுக்க முடியுமா?' என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த வாரம்.

முடியும். ஆனால் பாலைவனம் என்றால் மணல்மேடு என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கும் சம் மணல்மேடுகளில் மாலை ஐந்து மணிக்கு ஒட்டகம், ஜீப், பாட்டு, டீக்கடை எல்லாம் இருக்கும், ஏறக்குறைய நம்ம மெரினாதான். அதையொட்டி, ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கி.மீ.க்கு விரிந்து கிடக்கிறது பாலைவன தேசியப் பூங்கா. அதில் பெரும்பகுதி கல்தரை, புல், முட்புதர். உயிரினங்கள் அதிகம் இருப்பது அந்தப் புல்லில்தான்.

முதலில் வெளிச்சம். சூரியன் எழுந்து ஒன்றரை மணி நேரம், விழுவதற்கு முன் ஒன்றரை மணி நேரம். மணலில் காற்று போட்ட அலைக்கோடுகள் அப்போதுதான் தெரியும். சூரியன் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கிற மாதிரி நில்லுங்கள். உச்சி வெயிலில் அதே மேடு தட்டையாக, கோணிச் சாக்கு விரித்த மாதிரி இருக்கும். மணல் மங்கலாக விழுந்தால் திரையில் மணலைத் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் ஒரு குட்டிச் சூரியன் வரும். அதை லேசாக மேலே தள்ளுங்கள். சூரிய அஸ்தமனத்துக்கு அதையே கீழே தள்ளினால் நிறம் வெளுக்காது. பிள்ளைகளை மேட்டில் ஓட விடுவதற்கு முன்பே படத்தை எடுத்துவிடுங்கள். கால்தடம் விழுந்த மேடு காற்று சரிசெய்யும்வரை அப்படியேதான் இருக்கும். லென்ஸில் மணல் ஒட்டினால் கைக்குட்டையால் துடைக்காமல் முதலில் ஊதிவிடுங்கள். அந்த மணல் கண்ணாடியையே கீறிவிடும்.

இனி விலங்குகள். சிங்காரா என்கிற சிறுமான், பாலைவன நரி, குளிர்காலத்தில் வந்து சேரும் கழுகுகள், பிணந்தின்னிக் கழுகுகள் எல்லாம் இங்கே உண்டு. எல்லாமே தூரத்தில்தான் இருக்கும். ஒளிந்துகொள்ள மரம் இல்லாத நாட்டில் தூரம்தான் அவற்றுக்கு வேலி. ஜூம் பண்ணி எடுத்தாலும் காலை பத்து மணிக்கு மேல் படம் நடுங்கின மாதிரி வரும். போனில் கோளாறு இல்லை. சித்திரை வெயிலில் நம்ம தார் ரோட்டின் மேல் காற்று நெளிகிறதே, அதேதான். சூடான தரையின் மேலே வெவ்வேறு சூட்டில் இருக்கும் காற்றுப் படலங்கள் வெளிச்சத்தை வளைத்துவிடுகின்றன. லட்ச ரூபாய் லென்ஸுக்கும் இதே கதிதான். அதனால் காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். மான் சிறு புள்ளியாக இருந்தால் இருக்கட்டும், சுற்றியுள்ள புல்வெளியையும் வானத்தையும் சேர்த்து எடுங்கள். முகத்தை மட்டும் எடுத்த மான் மிருகக்காட்சி சாலையிலும் கிடைக்கும்.

வண்டியை விட்டு இறங்காதீர்கள். ஜீப்பைப் பார்த்துப் பழகிய விலங்கு, மனிதன் இரண்டு காலில் இறங்கியதும் மிரண்டுவிடும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் இருந்து பாருங்கள். மார்ச் மாதம் போகிறவர்களுக்கு முள்வால் ஓணான் அப்படித்தான் கிடைக்கும். வளைக்குள் ஓடினது, வண்டி அசையாமல் நின்றால் மெதுவாகத் தலையை நீட்டி வெயில் காயும். பிள்ளைகளுக்கு அந்தப் பத்து நிமிடம்தான் கஷ்டம். பெரியவர்களுக்கு அதைவிடக் கஷ்டம் என்பது என் அனுபவம்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் ஒரு பறவை. கானமயில். ராஜஸ்தானின் மாநிலப் பறவை. ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவை 15 கிலோ வரை எடை, அந்த எடையோடு பறக்கவும் செய்யும். இன்று காட்டில் 150க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்த ஜெய்சல்மேர் வட்டாரத்தில்தான். கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. தாய் மிரண்டு எழுந்து போனால் அந்த முட்டை நரிக்கோ காக்கைக்கோ போய்விடும்.

கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருப்பது இதற்குச் சரியாகத் தெரியாது. கனத்த உடம்பைச் சட்டென்று திருப்பவும் முடியாது. மின்கம்பியில் மோதிச் சாகிறது. கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021-ல் உத்தரவிட்டு, 2024-ல் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. சூரிய மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும் என்கிற இழுபறி இன்னும் முடியவில்லை. சம் பகுதியில் 2019-ல் தொடங்கிய மையத்தில் காட்டிலிருந்து எடுத்துவந்த முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைக் கையில் தூக்கி வளர்க்கிறார்கள். ஒரு முட்டைக்கு இவ்வளவு பேர் மெனக்கெடும்போது, நாம் ஒரு படத்துக்காக ஜீப்பை விரட்டுவது எந்த ஊர் நியாயம்?

சுதாசரி என்கிற வேலியிட்ட பகுதிக்கு வனத்துறை அனுமதியோடு போனால் கானமயிலைத் தூரத்திலிருந்து பார்க்க வாய்ப்புண்டு. பைனாகுலர் ஒன்று இருந்தால் போனை அதன் கண்ணாடியில் ஒட்டிவைத்து எடுக்கலாம். வட்டமாக, ஓரம் கறுத்துத்தான் வரும். பரவாயில்லை. முட்டையையோ குஞ்சையோ பார்க்க நேர்ந்தால் எடுக்கவே வேண்டாம். பல புகைப்படப் போட்டிகளில் கூட்டுப் படங்களை வாங்குவதே இல்லை. ட்ரோன் எல்லைப் பகுதியில் நினைத்தும் பார்க்காதீர்கள். படத்தை குரூப்பில் போடுவதற்கு முன் லொகேஷனை அணைத்துவிடுங்கள். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் பத்து ஜீப் நிற்கும்.

கிட்டத்தில் எடுத்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் நடுவே பலோடி அருகில் கீச்சன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. மங்கோலியா பக்கமிருந்து குளிர்காலத்துக்கு வரும் டெமாய்செல் கொக்குகளுக்கு ஊர்க்காரர்களே வேலி போட்டு தினமும் தானியம் இறைக்கிறார்கள். உள்ளூரில் அவற்றுக்குக் குர்ஜா என்று பெயர். ஆயிரக்கணக்கில் இறங்கும். 2025-ல் கீச்சன் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. முந்தைய நாள் சாயங்காலமே போய், வேலியை ஒட்டிய ஏதாவது ஒரு வீட்டு மாடிக்கு அனுமதி கேட்டு வையுங்கள். சூரியன் வந்ததும் மேலே வட்டமடித்து வட்டமடித்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தரையிறங்கும். வீடியோ எடுங்கள், சத்தம் அப்படி. மதியம் அதே கூட்டம் பக்கத்துக் குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். அப்போது வெயில் தலைக்கு மேலே, படம் சுமாராகத்தான் வரும்.